அரவக்குன்றத்து டீக்கடையின் வயது

2046 ஜூலை 8 அன்று, வந்தவாசிக்கு மேற்கே உள்ள அரவக்குன்றம் கோட்டையில், நுழைவுச் சீட்டு வாங்கிய எல்லோருடைய கேமராவிலும் துலக்கி என்ற செயலி தானாக இயங்கத் தொடங்கியது.

ரெஜினா அங்கே போய்ச் சேர்ந்தது மறு வாரம். தூத்துக்குடிக்காரி. பயணக் கையேடுகளுக்குப் பழைய கட்டடங்களைப் படம் எடுத்துக் கொடுப்பது தொழில். கோட்டை, கல்பாலம், கூரை போன மசூதி, மரம் முளைத்த சர்ச், எதுவானாலும் கல்லாக இருக்க வேண்டும், கொஞ்சம் இடிந்தும் இருக்க வேண்டும். முழுசாக நிற்கும் கட்டடத்தைப் பார்த்தால் அவளுக்குக் கொட்டாவி வரும்.

இரண்டாம் வாசலுக்கு எதிரே நின்று கேமராவைத் தூக்கினாள். காலை வெளிச்சம் சாய்ந்து விழுந்ததில் தூணில் இருந்த யாளியின் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது. எடுத்தாள். திரையைப் பார்த்தாள். வாசல், யாளி, மதில், மதில் திரும்பும் இடத்தில் ஒரு வெறும் மூலை. அழகான படம்தான். ஆனால் அந்த வெறும் மூலையிலிருந்துதான் ஏலக்காய் வாசனை வந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மூலையில் ஒரு டீக்கடை இருந்தது. மூன்று பக்கம் சிமென்ட் பூசிய சுவர், நான்காவது பக்கத்துக்குக் கோட்டை மதில், கூரைக்குக் கருங்கல் பலகைகள். நீல வண்ணம் அடித்த சுவரில் ‘அஞ்சலாட்சி டீ ஸ்டால்’ என்று எழுதியிருந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள். அங்கே எதுவும் பொங்கவில்லை.

பக்கத்தில் வேலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் டீ கிளாஸோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. எடுத்ததைப் பார்த்த அப்பா திடுக்கிட்டார். படத்தில் நான்கு பேரும் வெறும் கையை வாய்க்கருகே வைத்துக்கொண்டு, எதையோ ரசிப்பதுபோலக் கண்ணை மூடியிருந்தார்கள்.

“கிளாஸு எங்கடா போச்சு?”

கடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “கிளாஸு உங்க கையிலதான் இருக்குது. திருப்பிக் குடுத்துட்டுப் போங்க. போட்டோல இல்லன்னு எடுத்துகினு பூடாதீங்க!”

குரலுக்கு உரியவள் அஞ்சலாட்சி. ஐம்பதை நெருங்கும் வயது, இடுப்பில் செருகிய முந்தானை, யாரையும் முழுசாக நம்பாத ஒரு சிரிப்பு. உள்ளே அவள் கணவர் வேடியப்பன் மாவாட்டிக்கொண்டிருந்தார்.

“உன் பொட்டிலயும் நாங்க காணமா?” என்று ரெஜினாவைக் கேட்டாள்.

“இல்லக்கா. கடையே விழல.”

“ஒரு வாரமா இதே கூத்துதான். எங்கூட்டுக்காரரு, நாம செத்துகித்துப் போயிட்டமான்னு என்னக் கிள்ளிப் பாக்கறாரு.”

“அவளத்தான் கிள்ளனேன். என்னக் கிள்ளுனா வலிக்குமில்ல” என்றார் வேடியப்பன்.

ரெஜினா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள். துலக்கியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பழைய கட்டடங்களின் படத்தில் கரண்ட் கம்பி, போஸ்டர், தகரம், பிளாஸ்டிக் எதுவும் தெரியக் கூடாது என்று அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு. எல்லாக் கேமராவுக்குள்ளும் அது இருக்கிறது. கோட்டை எல்லைக்குள் நுழைந்ததும் விழித்துக்கொள்ளும்.

“கல்லுக்கும் மண்ணுக்கும் வயசு பாக்குதுக்கா. கட்டடத்தோட காலத்துக்கு அப்புறம் வந்தது எல்லாத்தையும் தொடச்சிரும். நம்ம கூட வந்த ஆளுகள மட்டும் விட்டு வைக்கும்.”

“அப்ப நான் யார் கூட வந்தவ?”

அஞ்சலாட்சி அதைச் சிரித்துக்கொண்டே கேட்கவில்லை.

விஷயம் போட்டோவோடு போயிருந்தால் பரவாயில்லை. கோட்டையைச் சீரமைக்கப் போகிறார்கள். உள்ளே இருக்கும் கடைகளை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக வெளியே புதிதாக வரும் வாகன நிறுத்தத்தில் இடம் கொடுப்பதாக அறிவிப்பு. எந்தக் கடைக்கு இடம் என்பதைப் பறக்கும் ட்ரோன் எடுக்கும் படத்தை வைத்து முடிவு செய்தார்கள். ட்ரோனுக்குள்ளும் துலக்கி. ‘அரவக்குன்றம் கோட்டைக்குள் கடை எதுவும் இல்லை’ என்று பதில் வந்தது. பொங்கல் முடிந்ததும் மூலையில் இருக்கும் ‘இடிபாடு’களை அப்புறப்படுத்துவார்கள்.

“கடை இருக்குதுன்னா எடம் குடுத்துட்டு இடிப்பாங்களாம்” என்றாள் அஞ்சலாட்சி. “கடை இல்லாததால சும்மாவே இடிப்பாங்களாம். இருபத்திரெண்டு வருஷம் கொதிச்ச அடுப்பு.”

“கரண்ட் பில்லு காட்டலாம்ல?”

“கோட்டைக்குள்ள ஏது கரண்டு? சோலார் லைட்டு.”

“நான் பழைய பிலிம் கேமரால ஒண்ணு எடுத்துத் தரவா?”

“போன வாரம் ஒருத்தர் அப்பிடி எடுத்துக் குடுத்தாரு. முத்திரை இல்லாத படம் செல்லாதுன்னுட்டாங்க.”

ரெஜினாவிடம் முத்திரை இருந்தது. உரிமம் பெற்ற படக்காரர்களுக்குக் கொடுப்பது. அதோடு பதியும் படம் எந்த அலுவலகத்திலும் ஆதாரமாகச் செல்லும். ஆனால் முத்திரைப் படமும் துலக்கி வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

டீயைக் குடித்துக்கொண்டே தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தொழில் பழக்கம், படத்தின் ஓரங்களைத் தடவிப் பார்ப்பது. வெறும் மூலை முழுக்க வெறுமையாக இல்லை. தரையில் ஒரு ஆட்டுக்கல் தனியாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல், தரையிலிருந்து முழ உயரத்தில், ஒரு சுவர்த் துண்டு அந்தரத்தில் தொங்கியது. கறுத்து, வரிவரியாக, முந்நூறு வருஷம் மழையில் நின்ற கல்போல.

எழுந்து கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். வேடியப்பன் மாவுப் பாத்திரம் கழுவும் இடம். கழுவிய தண்ணீர் தெறித்துத் தெறித்துச் சிமென்ட் சுவரில் ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்புப் பாசி படர்ந்திருந்தது.

“இது எப்ப கட்டுன செவரு அண்ணே?”

“போன ஆடியில பூசுனது.”

ரெஜினா கேமராவை நீட்டி எடுத்தாள். பாசி பிடித்த பாய் அகலம் அப்படியே படத்தில் நின்றது. சுற்றிலும் இருந்த சுவர் போய்விட்டது.

“அக்கா, இங்க வாங்க. புளிச்ச மாவு எவ்வளவு மிஞ்சும் உங்களுக்கு?”

“எதுக்கு, ஊத்தப்பம் வேணுமா?”

“செவத்துக்கு ஊத்தணும்.”

யோசனை ரெஜினாவுடையது. பின்னால் விசாரணையில் அதை அவள் மறைக்கவில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு இருந்தது ஒரே கணக்குதான்: படத்தில் விழுந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். இருபது வருஷமாகப் படம் எடுத்துப் பிழைக்கிறவள் வேறு எப்படி நினைப்பாள்?

அதன் பிறகு அவள் தரங்கம்பாடி, நாமக்கல், திண்டுக்கல் என்று அலைந்துகொண்டிருந்தாள். அஞ்சலாட்சி போனில் குரல் அனுப்புவாள். நீல வண்ணத்தைச் சுரண்டி எடுத்தாயிற்று. தினமும் கடை கட்டும்போது புளித்த மாவு, மோர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் சுவருக்குப் போகிறது. ‘நாத்தம் கொடல புடுங்குது. இன்னா அஞ்சலாட்சி, கடையே ஊசிப்போச்சான்னு கேக்கறானுங்க.’ இன்னொரு நாள்: ‘கொரங்கு பூரா செவத்த நக்கிகினு இருக்குது. எங்கூட்டுக்காரரு கொம்ப எடுத்துகினு கோட்டையக் காவக் காக்கறாரு, ராஜா காலத்து ஆளாட்டம்.’

ரெஜினாவுக்கும் அந்த மாதங்கள் நல்லபடியாகப் போகவில்லை. கையேடு போடும் பதிப்பாளர், அவள் அனுப்பிய திண்டுக்கல் மலைக்கோட்டைப் படத்தையும், ஒரு பள்ளி மாணவி சுற்றுலாவில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே படம். “துலக்கி வந்ததுக்கப்புறம் எல்லார் கண்ணும் ஒரே கண்ணாயிடுச்சு மேடம்” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. நவம்பர் கடைசியில் ரெஜினா மறுபடி அரவக்குன்றம் போனாள். கடையை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. சுவரும் கூரைப் பலகையும் மதிலோடு மதிலாகக் கறுத்து, அங்கங்கே வெள்ளைப் பூப்பூத்து நின்றன. எதிரே நின்று எடுத்தாள்.

படத்தில் பெஞ்சும் பிளாஸ்டிக் நாற்காலியும் மரக் கதவும் இல்லை. கடை இருந்தது. கதவு போன இடத்தில் ஒரு இருண்ட வாசல். அதற்குள் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல ஒரு அமைதி. வெகு நாளைக்குப் பிறகு தான் மட்டுமே எடுத்த ஒரு படம் என்று ரெஜினாவுக்குத் தோன்றியது. கடைகளுக்கு இடம் ஒதுக்கும் அலுவலகத்துக்கு முத்திரையோடு அனுப்பிவைத்தாள்.

“வந்துட்டமா?” என்றாள் அஞ்சலாட்சி.

“வந்துட்டீங்கக்கா.”

வேடியப்பன் எட்டிப் பார்த்தார். “நான் எங்க?”

“நீங்க இன்னும் பாசி புடிக்கல அண்ணே.”

மறு வாரம் ட்ரோன் வந்து நான்கு பக்கமும் சுற்றிவிட்டுப் போனது. அதற்கடுத்து திவாகரன் வந்தான். சின்னங்களைப் பதிவு செய்யும் ஆணையத்தின் ஆய்வாளன், இளைஞன், மரியாதைக்காரன். அன்று ரெஜினாவும் இருந்தாள். இடம் ஒதுக்கும் உத்தரவுதான் வருகிறது என்று நினைத்து, அஞ்சலாட்சி அவளைக் கேசரி சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள்.

“மேடம், உங்க படம்தானே அது? பெரிய கண்டுபிடிப்பு” என்று திவாகரன் கை கொடுத்தான். “பதினேழாம் நூற்றாண்டு. வாசக் காவலர்களோட சமையல்கட்டா இருக்கலாம்னு துலக்கி கணிச்சிருக்கு.”

“சமையல்கட்டுதான். அதுல தப்பு இல்ல” என்றாள் அஞ்சலாட்சி. “கடைக்கு எடம் எப்ப தருவீங்க சார்?”

“எந்தக் கடைக்கும்மா?”

“இன்னா சார், இந்தக் கடைக்கு.”

“இது கடை இல்லம்மா. பாதுகாக்கப்பட்ட சின்னம். நாளையிலிருந்து உள்ள அடுப்பு மூட்டக் கூடாது. வேலி போட ஆள் வருவாங்க.”

கேசரி ஆறியது.

“நீ யாருப்பா?” என்றாள் அஞ்சலாட்சி மெதுவாக. “போன வருஷம் கணக்கெடுக்க வந்தப்ப இதே பெஞ்சில உக்காந்து ரெண்டு டீ குடிச்சியே, அது நீதான?”

திவாகரன் தலையைக் குனிந்துகொண்டான். “நான்தாம்மா. எனக்குத் தெரியும். ஆனா நான் கண்ணால பாத்தது பதிவு இல்ல. படத்துல இருக்கறதுதான் பதிவு.”

“மாவு ஊத்தி நாங்க செஞ்சது சார் இது. தேய்ச்சுக் கழுவிடறன், பாரு” என்று வேடியப்பன் பிளீச்சிங் பவுடரும் பிரஷ்ஷும் எடுத்துவந்தார். திவாகரன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

“ஐயோ, தொடாதீங்க! சின்னத்தச் சேதப்படுத்தினா ஜாமீன் கெடயாது.”

“என் செவத்த நான் கழுவனா ஜெயிலா?”

“உங்க செவரா இருந்தா கழுவலாம் ஐயா. இது மன்னர் காலத்துச் செவரு.”

வேடியப்பன் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தை ரெஜினாவால் பார்க்க முடியவில்லை.

“நான் எழுதிக் குடுக்கேன்” என்றாள். “எல்லாம் நான் சொல்லித்தான் நடந்துச்சு. துலக்கிய ஏமாத்துனேன்னு எழுதிக் குடுக்கேன். அப்ப இது கடைன்னு ஆயிரும்ல? இடமும் குடுக்கணும்ல?”

திவாகரன் யோசித்தான். “ஏத்துக்கிட்டா குடுக்கணும். ஆனா உங்க முத்திரை போயிடும் மேடம். அப்புறம் எந்தக் கோட்டையிலயும் நீங்க கேமராவத் தூக்க முடியாது.”

“வேணாம் பாப்பா” என்றாள் அஞ்சலாட்சி. “எங்க பொழப்பு போனா போவுது, உன்னுதையும் சேத்துப் பொதைக்காத.”

ரெஜினா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது பெருமையாக இல்லை. நவம்பரில் தன் படத்தைப் பார்த்துத் தான் பட்ட சந்தோஷம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தில் அஞ்சலாட்சி இல்லை என்பது எடுத்த அன்று அவளை உறுத்தவில்லை.

ஆணையம் பதில் அனுப்பப் பொங்கல் ஆகிவிட்டது. ரெஜினாவின் வாக்குமூலம் முத்திரையிட்ட படத்துக்கும் ட்ரோன் படங்களுக்கும் முரணாக இருப்பதால் பொய் என்று தீர்மானிக்கப்பட்டது. உண்மையான சின்னத்தைப் போலி என்று சொன்னதற்காக அவளுடைய முத்திரை ரத்து செய்யப்பட்டது. இடிக்கும் உத்தரவும் ரத்தானது; சின்னத்தை யாரும் இடிக்க முடியாதே. கடையைச் சுற்றிப் பச்சை வண்ண இரும்பு வேலி வந்தது. அஞ்சலாட்சியும் வேடியப்பனும் வெளிவாசலுக்கு அப்பால் தள்ளுவண்டி போட்டார்கள். வருகிறவர்கள் வேலிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, தள்ளுவண்டியில் டீ குடித்தார்கள். பாதி வியாபாரம்கூட இல்லை. வெயில் நேரத்தில் வண்டியடியில் உட்கார்ந்துகொண்டு தன் கடையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுதான் பெரிய தண்டனை என்று அஞ்சலாட்சி போனில் சொன்னாள்.

மார்ச்சில் வெயில் ஏறியது. ஏப்ரலில் இன்னும் ஏறியது. மாவும் மோரும் நின்றுபோன சுவரில் பாசி காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஒரு பக்கம் வெளுத்தது, பிறகு மறு பக்கம்.

முதலில் பயந்தது திவாகரன்தான். அஞ்சலாட்சிக்குப் போன் செய்தான். அப்போது ரெஜினா தள்ளுவண்டிப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். முத்திரை போன பிறகு பார்க்க வந்திருந்தாள். அஞ்சலாட்சி போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“அம்மா, சமையல்கட்டு படத்துல பாதிதான் விழுது. நீங்க… அந்தப் புளிச்ச மோரு… கொஞ்சம் ஊத்த முடியுமா?”

“வேலிக்குள்ள காலு வெச்சா கேஸுன்னு சொன்னது யாரு சார்?”

“நான் பாத்துக்கறேம்மா.”

“நீ பாத்தா அது பதிவு இல்லியே சார்.”

வேடியப்பன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மே மாதம் வழக்கமான ட்ரோன் வந்தது. அது எடுத்த எந்தப் படத்திலும் பதினேழாம் நூற்றாண்டுச் சமையல்கட்டு இல்லை. வெறும் மூலையும் ஒரு ஆட்டுக்கல்லும்தான் இருந்தன. போன மாதம் இருந்த சின்னம் இந்த மாதம் இல்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆணையம் போலீஸில் புகார் கொடுத்தது: கற்கட்டடம் ஒன்று திருடு போய்விட்டது.

விசாரணைக்கு ஒரு தலைமைக் காவலர் வந்தார். காக்க ஒன்றும் இல்லாததால் வேலியை ஆணையமே பிரித்துக்கொண்டு போயிருந்தது; மறுநாளே அஞ்சலாட்சி உள்ளே திரும்ப அடுப்பு மூட்டியிருந்தாள். வெயில் தாங்காமல் அவர் கடைக்குள் போய் உட்கார்ந்து, ஒரு டீ கேட்டார். சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் ரெஜினா. அவளைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

“நீதான் அந்தக் கட்டடத்தப் போலின்னு எழுதிக் குடுத்தியாமே. மதிப்பக் கொறைச்சு வெச்சிட்டு அப்புறம் தூக்கிட்டுப் போயிட்ட, இல்ல?”

“எதுல சார் தூக்கிட்டுப் போவேன்?”

“கிரேன் வெச்சிருப்ப. எவ்ளோ பெருசு அது?”

“இதே அளவு சார்” என்றாள் அஞ்சலாட்சி, கிளாஸை அவர் முன்னால் வைத்தபடி. “நீங்க உக்காந்துகினு இருக்கீங்களே, சரியா இதே அளவு.”

தலைமைக் காவலர் சுற்றிலும் பார்த்தார். கூரைப் பலகையைப் பார்த்தார். கையிலிருந்த ஆணையத்தின் படத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. ஓய்வு பெறப் போகிறவர்.

“டீ நல்லா இருக்குது” என்றார். “சம்பவ இடத்துல ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கறன். இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா.”

வழக்கு செய்யாறு நீதிமன்றத்துக்குப் போனது. திருட்டு நடந்த இடத்தில் விசாரணை முடியும்வரை எதையும் இடிக்கவோ, கட்டவோ, அப்புறப்படுத்தவோ கூடாது, இப்போது உள்ள நிலை அப்படியே தொடர வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். உத்தரவு வந்த அன்று அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

திருடர்கள் கண்டுபிடிக்கப்படவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. அஞ்சலாட்சியும் வேடியப்பனும் அதே மூலையில் கடை நடத்துகிறார்கள். வாகன நிறுத்தத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. ரெஜினாவுக்கு முத்திரை திரும்பக் கிடைக்கவில்லை. அவள் தூத்துக்குடியில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறாள்.